கண்ணால தண்ணி ஓடுது, ஆனா "கண் வறட்சி" எண்டு சொல்லுறாங்க. இது எப்பிடி?

உவர்மலை தையல் | ஜூன் 14, இரவு 11.20

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 46 வயசு. திருகோணமலை உவர்மலையில வீட்டோட இருந்து தைக்கிறன், 19 வருஷமா. சாறிச் சட்டை, ஸ்கூல் யூனிஃபோம், கல்யாண வேலை எல்லாம். கண்தான் எனக்குச் சோறு போடுறது, அதால கொஞ்சம் நீட்டி எழுதுறன், பொறுத்துக்கொள்ளுங்க.

போன வருஷம் கச்சான் காத்து அடிக்கிற காலத்திலதான் தொடங்கினது. எங்கட ஊர்க் கச்சான் எப்பிடியெண்டு உங்களுக்குத் தெரியும்தானே, காலமை பத்து மணிக்கே அடுப்படியில நிக்கிற மாதிரி இருக்கும். கண்ணுக்குள்ள மண் விழுந்த மாதிரி உறுத்தல். கண்ணாடியில இமையைப் பிரட்டிப் பிரட்டிப் பார்த்தன், ஒண்டும் இல்லை. பின்னேரமாக கண் சிவந்து எரியும். கறுப்புத் துணியில கறுப்பு நூல் போட்டுத் தைக்கேக்க கோடு மங்கிப்போகும். கண்ணை ரெண்டு தரம் வெட்டி முழிச்சா தெளியும், திரும்ப மங்கும். கண்ணாடி பிழையாக்கும் எண்டு ரெண்டு தரம் கண்ணாடி மாத்தினன். காசு போனதுதான் மிச்சம்.

இதில பெரிய பகிடி என்னெண்டா கண்ணால தண்ணி ஓடினது. ஸ்கூட்டியில டொக்யார்ட் வீதியால போனா கன்னம் முழுக்க ஈரம். கல்யாணச் சட்டை குடுத்திருந்த ஒரு அம்மா வந்து பார்த்திட்டு, "என்ர பிள்ளையின்ர நல்ல காரியத்துக்கு அழுதுகொண்டு தைக்காதை" எண்டு துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போயிட்டா. நான் அழேல்ல எண்டு சொல்லியும் நம்பேல்ல. இப்ப நாலைஞ்சு மாசமா தண்ணி ஓடுறது குறைவு. அது நல்லதுக்குத்தான் எண்டு நினைக்கிறன். ஆனா எரிவு கூடிப்போச்சு, காலமையில இமை பீளையோட ஒட்டிக்கொண்டு கிடக்கு.

டவுனில ஒரு பாமசியில கேட்டன், ஒரு சின்னப் போத்தல் தந்தாங்க. விட்டு அரை மணித்தியாலத்தில சிவப்புப் போயிடும். அப்பிடியே கிட்டத்தட்ட ஒரு வருஷமா வாங்கி விடுறன். லேபல்ல டெக்ஸாமெதசோன் எண்டு போட்டிருக்கு.

போன கிழமை மகள் பிடிவாதமா ஒரு டொக்டரைச் சனல் பண்ணிக் கூட்டிக்கொண்டு போனாள். மூண்டு மணித்தியாலம் காத்திருந்து மூண்டு நிமிஷம் பார்த்தார். "கண் வறட்சி. செயற்கைக் கண்ணீர் விடுங்க." அவ்வளவுதான். பாமசி மருந்தைப் பற்றி அவர் கேட்கேல்ல, நானும் சொல்லேல்ல.

தண்ணி ஓடின கண் எப்பிடி வறண்ட கண் ஆகும்? இந்தச் செயற்கைக் கண்ணீரைச் சாகும்வரை விடோணுமா? கொழும்புக்குப் போய்ப் பெரிய இடத்தில காட்டினா பிரயோசனம் இருக்கா? இருபது சட்டை காத்துக்கொண்டு கிடக்கு, வீணா அலைய ஏலாது.


நிலாவெளி வாத்தியார் | ஜூன் 15, காலை 5.40

தங்கச்சி, நான் ஓய்வுபெற்ற வாத்தியார், 71 வயசு. வெண்புரை எடுத்தாப் பிறகு எனக்கும் இதே கூத்து. ஒப்பரேஷன் வடிவாச் சரிவந்தது, பார்வையும் வந்தது, ஆனா மூண்டு மாசம் கண்ணுக்குள்ள உமி கிடந்த மாதிரி. வெண்புரை வெட்டினாப் பிறகு வறட்சி வரும், ஏற்கெனவே இருந்தால் கூடும் எண்டு கிளினிக்கிலதான் சொன்னாங்க.

என்ர மனுசி முதல்ல நந்தியாவட்டைப் பூவைப் பிழிஞ்சு விட்டவ. அவவின்ர அம்மா விட்டவவாம், அம்மம்மாவும் விட்டவவாம். மூண்டாம் நாள் கண் வீங்கிப்போய் திரும்ப ஆஸ்பத்திரி. ஆரும் உங்களுக்குப் பூ, விளக்கெண்ணெய், தாய்ப்பால் எண்டு கொண்டு வந்தால் கும்பிட்டு அனுப்பிவிடுங்க.

எனக்குச் சுகம் தந்தது சுடுதண்ணி ஒத்தடம். துவைச்ச துணியைத் தாங்கக்கூடிய சூட்டுத் தண்ணியில நனைச்சுப் பிழிஞ்சு, மூடின கண்ணுக்கு மேல பத்து நிமிஷம். துணி ரெண்டு நிமிஷத்தில ஆறிப்போகும், திரும்பத் திரும்ப நனைக்கோணும். எல்லாரும் விடுற பிழை அதிலதான், ஒருக்கா வைச்சிட்டு "செய்தனான், சரிவரேல்ல" எண்டு சொல்லுறது. பிறகு சுத்தமான விரலால இமையை மெதுவா நீவோணும், மேல் இமையைக் கீழ் நோக்கி, கீழ் இமையை மேல் நோக்கி. (சுடுதண்ணி எண்ட உடன கன்னியா வெந்நீர்க் கிணத்துக்கு வெளிக்கிடாதைங்க. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் அதில கண்ணைக் கழுவி நோய் தீர்க்கப் போனவர். ஊர் முழுக்கக் குளிக்கிற தண்ணி அது.)

மற்றது, மெஷினுக்கு முன்னால நிக்கிற ஃபேனைக் காலடிக்குத் திருப்புங்க. முகத்துக்கு நேரே வைச்சுக்கொண்டு துளி மருந்து விடுறது ஓட்டைவாளியில தண்ணி அள்ளுற கதை.


கண் வார்ட்டு மிஸி | ஜூன் 15, இரவு 9.05

அக்கா, நான் கண் வார்ட்டில 14 வருஷமா நேர்சா வேலை செய்யிறன், வேற மாவட்டத்தில. உங்கட கேள்விக்கு வாறன், அதுக்கு முதல் அந்தப் போத்தல்.

டெக்ஸாமெதசோன் எண்டது ஸ்டீரொய்ட். சிவப்பைக் கெதியா எடுக்கும், அதாலதான் ஆக்கள் அதை நல்ல மருந்து எண்டு நினைக்கிறது. டொக்டர் பார்வையில சில கிழமைக்கு விடுறது வேற. ஒரு வருஷம் கேட்பாரில்லாமல் விட்டால் சிலருக்குக் கண் அழுத்தம் கூடி, நோவில்லாமலே பார்வை நரம்பு பழுதாகும். வெண்புரையும் வரும். புதுப் போத்தல் வாங்காதைங்க. இந்தக் கிழமைக்குள்ள கண் கிளினிக்குக்குப் போய், அந்தப் போத்தலைக் கையில கொண்டுபோய் மேசையில வைச்சு, "இதை ஒரு வருஷம் விட்டனான்" எண்டு உங்கட வாயால சொல்லுங்க. வெட்கப்பட ஒண்டும் இல்லை. வார்ட்டில நாங்கள் காணுற அரைவாசிப் பேர் இதைச் சொல்லாமல் மறைச்சுக்கொண்டு வாற ஆக்கள்தான்.

இனித் தண்ணிக் கதை. கண்ணில எப்பவும் மெல்லிசா ஒரு கண்ணீர்ப் படலம் இருக்கும். அடியில சளி மாதிரி ஒரு பசை, அதுதான் கண்ணீரைக் கண்ணோட பிடிச்சு வைக்கிறது. நடுவில தண்ணி. மேல எண்ணெய், தண்ணி காயாமல் மூடி மாதிரி. அந்த எண்ணெயை விடுறது இமை ஓரத்தில வரிசையா இருக்கிற மைபோமியன் சுரப்பி. மேல் இமையில 25இல இருந்து 40 வரைக்கும், கீழ் இமையில 20இல இருந்து 30 வரைக்கும் இருக்கும். அது அடைபட்டால் மூடி இல்லை, தண்ணி காத்தோட போயிடும். காய்ஞ்ச இடம் எரிய, "தண்ணி அனுப்பு" எண்டு நரம்பு கத்தும், கண்ணீர்ச் சுரப்பி ஒரேயடியா ஊத்தும். வெங்காயம் வெட்டேக்க வாற அதே கண்ணீர். அது கன்னத்தால ஓடிப்போகும், கண்ணில நிக்காது. அழுகிற மாதிரித் தெரிஞ்சது அதுதான். உங்கட கல்யாணத்து அம்மாவுக்கு இதை ஆர் விளங்கப்படுத்துறது!

ஆனா அக்கா, தண்ணி ஓடுறது குறைஞ்சிட்டுது, எரிவு கூடிட்டுது எண்டு எழுதியிருக்கிறீங்க. அதை நான் நல்ல குறி எண்டு எடுக்கமாட்டன். தண்ணி சுரக்கிறதே குறையுதோ எண்டு பார்க்கோணும். எண்ணெய் இல்லாத வறட்சி ஒண்டு, தண்ணியே இல்லாத வறட்சி இன்னொண்டு. கனபேருக்கு ரெண்டும் கலந்து இருக்கும். வைத்தியம் ரெண்டுக்கும் ஒண்டில்லை. "வறட்சி" எண்ட ஒரு சொல்லோட வீட்டுக்கு வராமல், "எனக்கு எந்த வறட்சி, டொக்டர்?" எண்டு கேளுங்க.

அதைக் கண்டுபிடிக்கிறது பெரிய மெஷின் வேலை இல்லை. செம்மஞ்சள் சாயம் தொட்டு, நீல லைட்டில பார்த்து, கண் வெட்டாமல் எத்தினை செக்கனில படலம் உடையுது எண்டு எண்ணுவாங்க. பத்துக்குக் குறைஞ்சால் சரியில்லை. ஷேர்மர் டெஸ்ட் எண்டு கீழ் இமையில ஒரு கடதாசிப் பட்டியைக் கொளுவி 5 நிமிஷம் விடுவாங்க. 10 மில்லிமீட்டருக்கு மேல நனைஞ்சால் பயமில்லை, 5க்குக் கீழ எண்டால் தண்ணி குறைவு. இமை ஓரத்தை அமத்தி எண்ணெய் எப்பிடி வருது எண்டும் பார்ப்பாங்க.

கொழும்புக்கு இப்பவே ஓடவேண்டாம். முதல்ல உங்கட அரசாங்க ஆஸ்பத்திரி ஓபிடியால (வெளிநோயாளர் பிரிவு) கண் கிளினிக்குக்குத் துண்டு எடுங்க, காசில்லை, கிளினிக் கொப்பியும் தருவாங்க, அழுத்தம் திரும்பத் திரும்பப் பார்க்க அது வசதி. கருவிழியில புண், மருந்துக்கு அடங்காத வறட்சி எண்டால் அவங்களே தேசிய கண் ஆஸ்பத்திரிக்கு எழுதுவாங்க. கையில கடிதத்தோட போறதும் சும்மா போறதும் ஒண்டில்லை. இடையில கடுமையான நோவு, வெளிச்சத்தைப் பார்க்க ஏலாமை, பார்வை திடீரெண்டு குறையிறது, இதில ஒண்டு வந்தால் கிளினிக் நாள் பார்க்காமல் அண்டைக்கே போங்க.

ஒண்டு மறந்திட்டன். தும்மல், சொறிக்குப் பிரிட்டன் குளிசை போடுற பழக்கம் இருக்கா? நித்திரைக்கு அமிட்ரிப்டிலின்? ரெண்டுமே கண்ணையும் வாயையும் காய வைக்கும்.


கிண்ணியா கொம்பியூட்டர் | ஜூன் 16, காலை 10.12

தாத்தா (எங்கட ஆக்கள் அக்காவை அப்பிடித்தான் கூப்பிடுறது), எனக்கு 28 வயசு, ஒன்லைன் வேலை, நாளைக்கு 11 மணித்தியாலம் ஸ்க்ரீன். எனக்கும் இந்த எரிவு வந்து காட்டினன். டொக்டர் சொன்னது, சாதாரணமா நிமிஷத்துக்கு 15, 20 தரம் கண் வெட்டுறமாம், கூர்ந்து பார்க்கேக்க அது மூண்டில ஒண்டாக் குறையும், வெட்டுறதும் அரைகுறையாத்தான். ஊசியில கண்ணை வைச்சுக்கொண்டிருக்கிற உங்களுக்கும் அதே கதையாத்தான் இருக்கும். நான் ஒவ்வொரு ஃபைல் சேவ் பண்ணேக்கயும் கண்ணை வடிவா மூடி ரெண்டு செக்கன் வைச்சுத் திறப்பன். உம்மா பார்த்துட்டு "ஏன்டா வேலைக்கு நடுவில ஓதுறாய்" எண்டு கேட்டா.

மீன் எண்ணெய்க் குளிசையும் போடுறன், ஒமேகா 3. நல்லம் எண்டு சொல்லுறாங்க, போட்டுப் பாருங்க.


கண் வார்ட்டு மிஸி | ஜூன் 16, மதியம் 1.30

தம்பி, கண் வெட்டுற கதை நூற்றுக்கு நூறு. மீன் எண்ணெய்க்கு 2018இல அமெரிக்காவில ட்ரீம் எண்டு ஒரு பெரிய ஆய்வு வந்தது. ஒரு கூட்டத்துக்கு நாளைக்கு 3000 மில்லிகிராம் ஒமேகா 3, மற்றக் கூட்டத்துக்குச் சும்மா ஒலிவ் எண்ணெய், ஒரு வருஷம். ரெண்டு பக்கமும் கொஞ்சம் சுகம், வித்தியாசம் இல்லை. கிண்ணியாவில இருந்துகொண்டு மீன் எண்ணெயைக் குளிசையில வாங்குறதும் ஒரு அநியாயம். மீனைத் தின்னுங்க.


லிங்கநகர் மகள் | ஜூன் 16, இரவு 8.48

அக்கா, ஒரு கேள்வி மட்டும். உங்களுக்கு வாயும் காயுதா?

ஏன் கேட்கிறன் எண்டால் என்ர அம்மா மூண்டு வருஷம் கண்ணுக்கு ஒரு டொக்டர், பல்லுக்கு ஒரு டொக்டர், மூட்டு நோவுக்கு எண்ணெய் எண்டு தனித்தனியா அலைஞ்சா. கடைசியில ஒரு கண் டொக்டர்தான் "பிஸ்கட் சாப்பிடத் தண்ணி குடிக்கோணுமா அம்மா?" எண்டு கேட்டவர். அம்மா "ஓம், அது வயசுக்குத்தானே" எண்டா. அந்த ஒரு கேள்வியிலதான் பிடிபட்டது. ஷோக்ரன் வருத்தம். சுவீடனில ஷோக்ரன் எண்டு ஒரு கண் டொக்டர் 1933இல எழுதி வைச்சதாம், அதால அந்தப் பேர். எங்கட உடம்பின்ர காவல்காரனே கண்ணீர், உமிநீர்ச் சுரப்பியளை எதிரி எண்டு நினைச்சு அடிக்கிறது. கூட வாறது பொம்பிளையளுக்குத்தான், நாப்பது அம்பது வயசில.

அம்மாவுக்கு இரத்தத்தில ஏஎன்ஏ, ஆன்டி ரோ எண்டு பார்த்தாங்க, அந்தக் காவல்காரன் சொந்த உடம்பையே அடிக்கிறானோ எண்டு காட்டுற டெஸ்ட். பிறகு கீழ் உதட்டுக்கு உள்பக்கத்தில சின்னத் துண்டு வெட்டியும் பார்த்தாங்க, ரெண்டு தையல். பயப்படுத்த எழுதேல்ல. கேட்டால்தான் வெளியில வரும், அதுக்குத்தான்.


உவர்மலை தையல் | ஜூன் 16, இரவு 10.30

வாசிச்சிட்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தன்.

தங்கச்சி, கிரீம் கிறேக்கர் பிஸ்கட் பிளேன்டீயில தோய்ச்சுத்தான் உள்ள போகும், ரெண்டு வருஷமா. மெஷின் மேசையில ஒரு போத்தல் தண்ணி எப்பவும் இருக்கும். வெக்கைக்குக் குடிக்கிறன் எண்டு நினைச்சன். இந்த வருஷம் மட்டும் மூண்டு பல்லு அடைச்சாச்சு. காலமையில விரல் மடங்காது, அது கத்திரிக்கோல் பிடிக்கிறதால எண்டு எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரியிறன். மிஸி, பிரிட்டன் போடுறதில்லை.

நாளைக்குக் காலமை ஓபிடிக்குப் போறன். சட்டை கிடக்கட்டும்.


உவர்மலை தையல் | ஓகஸ்ட் 3, இரவு 9.50

மன்னிக்கோணும், பிந்திப்போச்சு. நிறையச் சொல்லோணும்.

ஓபிடிக்குப் போய் அடுத்த கிழமையே கிளினிக் நாள் கிடைச்சது. மிஸி சொன்ன மாதிரி போத்தலை எடுத்து மேசையில வைச்சன். டொக்டர் அம்மா ஒண்டும் பேசேல்ல, பெருமூச்சு ஒண்டு விட்டா. அழுத்தம் வலது 26, இடது 24. 21க்கு மேல போகக்கூடாதாம். நரம்பு தப்பியிருக்கு, வெண்புரையும் இன்னும் தொடங்கேல்ல. அந்த மருந்தைக் குறைச்சு நிப்பாட்ட ஒரு கணக்கு எழுதித் தந்தா. ஜூலையில திரும்பப் பார்க்க 17உம் 16உம். அண்டைக்கு வீட்டுக்கு வாற வழியில பத்திரகாளி அம்மனுக்கு ஒரு தேங்காய் உடைச்சன்.

கடதாசிப் பட்டி டெஸ்ட்டும் செய்தவ. கண்ணை மூடிக்கொண்டு அஞ்சு நிமிஷம். சின்ன இஞ்சிடேப் மாதிரி அதில கோடு போட்டிருக்கு, எனக்குச் சிரிப்பு வந்தது. வலது 5, இடது 3 மில்லிமீட்டர். 3 மில்லிமீட்டர் எண்டால் மெஷினில நான் போடுற ஒரு தையல் நீளம். அஞ்சு நிமிஷத்துக்கு என்ர கண் விட்ட தண்ணி அவ்வளவுதான். இமையை அமத்தினா எண்ணெய் வரேல்ல, பற்பசை மாதிரி வெள்ளையாப் பிதுங்கினதாம். அப்ப எனக்கு ரெண்டு வறட்சியும் இருக்கு. முதல்ல எண்ணெய் கெட்டுத் தண்ணி ஓடினது, பிறகு தண்ணியும் வத்தத் தொடங்கினது. நான் அதைச் சுகம் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்திருக்கிறன்.

மருந்து: பாதுகாப்பு ரசாயனம் போடாத செயற்கைக் கண்ணீர் நாளைக்கு ஆறு தரம். அடிக்கடி விடுற ஆக்களுக்கு போத்தல் மருந்தில கலக்கிற பென்சல்கோனியம் எண்ட சாமானே கண்ணை அரிக்குமாம், அதால ஒருக்கா உடைச்சு விடுற சின்னக் குழாய். விலை கூட. இரவில ஜெல். வாத்தியார் ஐயாவின்ர ஒத்தடம், காலமையும் இரவும். இதோட சைக்ளோஸ்போரின் 0.05 சதவீதம் எண்டு ஒரு துளி, நாளைக்கு ரெண்டு தரம். அது கண்ணுக்குள்ள இருக்கிற அழற்சியை அடக்குற மருந்தாம், விட்ட உடன மிளகாய் பட்ட மாதிரி எரியும், பலன் தெரிய மூண்டில இருந்து ஆறு மாசம் எடுக்கும் எண்டு முதலே சொல்லிப்போட்டா. சொல்லாமல் விட்டிருந்தால் ரெண்டாம் நாளே எறிஞ்சிருப்பன். பிறகும் கண்ணீர் காணாது எண்டால், மூக்குப்பக்கம் கண்ணீர் வடிஞ்சு போற ஓட்டையை ஒரு சின்ன அடைப்பான் போட்டு மூடலாமாம். அழற்சி அடங்கினாப் பிறகுதான் அது.

வாய், பல்லு, விரல் எல்லாம் சொன்னன். தங்கச்சி லிங்கநகர், நீங்க கேட்ட அதே பிஸ்கட் கேள்வியை அவவும் கேட்டவ! ஏஎன்ஏ பொசிட்டிவ். ஆன்டி ரோ முடிவு இன்னும் வரேல்ல. மூட்டு வருத்தம் பார்க்கிற டொக்டருக்குக் கடிதம் தந்திருக்கிறா, இம்மாதம் 19ஆம் திகதி போகோணும். கண்ணுக்கெண்டு கொழும்பு இப்ப தேவையில்லை எண்டு சொல்லிட்டா.

எப்பிடி இருக்கு எண்டு கேட்டால், அரைவாசி சுகம். காலமையில இமை ஒட்டுறதில்லை. பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு கறுப்புத் துணி தொடுறதில்லை எண்டு முடிவு. ஒரு மூட்டுத் தைச்சு முடிய நூலை வெட்டேக்க கண்ணை மூடி ரெண்டு செக்கன், தம்பி சொன்ன மாதிரி. மகள் "அம்மா மெஷினைக் கும்பிடுறா" எண்டு வீடியோ எடுத்து வைச்சிருக்கிறாள். ஸ்கூட்டிக்குப் பக்கமும் மூடின கண்ணாடி ஒண்டு வாங்கினன், வெல்டிங் பாஸ் மாதிரி இருக்கிறன், பரவாயில்லை.

மிஸி, ஒண்டு கேட்கோணும். அந்தச் சின்னக் குழாயில ரெண்டு கண்ணுக்கும் விட்டும் பாதி மிச்சம் இருக்கு. எறிய மனம் வருகுதில்லை. பிரிட்ஜில வைச்சு அடுத்த நாள் விடலாமா?


கண் வார்ட்டு மிஸி | ஓகஸ்ட் 4, காலை 6.15

அழுத்தம் இறங்கினதைக் கேட்க நிம்மதி, அக்கா. சில வகைக் குழாயை மூடி போட்டு அண்டைக்கு மட்டும் வைச்சிருக்கலாம், பெட்டியில அப்பிடி எழுதியிருந்தால்தான். எழுதாட்டி உடன எறியோணும். அடுத்த நாளுக்கு வைக்கிற கதை எதுக்கும் இல்லை, அதில கிருமி கொல்லுற மருந்தே போடேல்ல. ஆன்டி ரோ வந்த உடன எழுதுங்க.